அடுக்களையும் குடியிருப்பும்: போருக்குப் பிந்தைய பிரிட்டனில் நகரவைகளின் சுகாதாரப் பணி

துப்புரவு என்னும் சொல்லைத் தூய்மை என்னும் பொருளிலேயே நாம் இன்று வழங்குகிறோம். பழைய வழக்கு வேறு. துப்பு என்பது உணவு. துப்புரவு என்பது நுகரப்படும் பொருள். திருக்குறளில் இச்சொல் வரும் இடத்தில் பரிமேலழகரும் அவ்வாறே பொருள் கொள்வார். நுகர்பொருளைக் குறித்த சொல், கழுவித் தூய்மை செய்வதைக் குறிக்கும் சொல்லாக எவ்வாறு வந்து நின்றது என்பதைச் சொல்லாராய்ச்சியில் வல்லார்க்கு விட்டுவிடுவோம். உணவும் தூய்மையும் ஒரு சொல்லுக்குள் குடியிருந்தமை நம் கட்டுரைக்கு நல்லதொரு வாயிலாக அமைகிறது.

நாம் ஈண்டு எடுத்துக்கொள்ளும் பொருள், இரண்டாம் உலகப் போருக்குப் பின் பிரிட்டனின் நகரவைகள் செய்த சுகாதாரப் பணி. அப்பணியின் இரு பெருங்கிளைகள் உணவுத் தூய்மையும் குடியிருப்பும் ஆகும். மேலோட்டமாக நோக்குவார்க்கு இவை தம்முள் தொடர்பற்ற துறைகளாகத் தோன்றும். உணவு கடைக்காரரைச் சார்ந்தது, வீடு கொத்தனாரைச் சார்ந்தது என்று கருதத் தோன்றும். ஆயின் அந்நாட்டு நகரவைகளில் இவ்விரண்டும் ஒரே அலுவலகத்தின் பொறுப்பில் இருந்தன. பெரும்பாலும் ஒரே ஆய்வாளரின் குறிப்பேட்டில் இடம்பெற்றன. கெட்டுப்போன உணவின் வரலாற்றைத் தேடிச் சென்றவர், பல வேளைகளில் கெட்டுப்போன வீட்டின் வாயிலில் போய் நிற்க நேர்ந்தது.

தமிழாசிரியர்க்கு இதில் என்ன வேலை என்று மாணவர் கேட்கக்கூடும். லண்டன் மாநகரப் பகுதிகளின் சுகாதார மருத்துவ அலுவலர்கள் 1848 முதல் 1972 வரை எழுதிய ஆண்டறிக்கைகளில் ஐயாயிரத்துக்கு மேற்பட்டவற்றை வெல்கம் நூலகத்தார் கணினியில் ஏற்றி, எவரும் படிக்குமாறு வைத்துள்ளனர். உரைநடை பயில்வோர் அவற்றில் சிலவற்றையேனும் படிக்க வேண்டும் என்பது நம் கருத்து. இத்தனை வீடுகள் பார்க்கப்பட்டன, இத்தனை டின்கள் அழிக்கப்பட்டன, இத்தனை குழந்தைகள் இறந்தன என்று அடுக்கிச் செல்லும் பக்கங்களுக்கிடையே, ஒரேயொரு வாக்கியத்தில் ஒரு மருத்துவரின் சினம் வெளிப்பட்டு மறையும். அலங்காரம் எதுவும் இல்லாத நடை அது. மேடைத் தமிழுக்குப் பழகிப்போன நமக்கு அது நல்லதொரு மாற்று மருந்து.

தொல்லை ஆய்வாளர்

இப்பணியின் வேர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் உள்ளது. 1847இல் லிவர்பூல் நகரம் வில்லியம் ஹென்றி டங்கன் என்பவரை அந்நாட்டின் முதல் சுகாதார மருத்துவ அலுவலராக அமர்த்தியது. அவருக்குத் துணையாகத் தெருத்தெருவாகச் சென்றவர் தாமஸ் ஃப்ரெஷ். அவருடைய பதவியின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘தொல்லை ஆய்வாளர்’ என்றாகும். அழுகிய குப்பை, தேங்கிய சாக்கடை, பன்றிப்பட்டி, கெட்ட இறைச்சி எல்லாம் சட்டத்தின் பார்வையில் ‘தொல்லை’களே. பிறர் நலத்துக்குக் கேடு செய்யும் எதுவும் அச்சொல்லுள் அடங்கும். காலப்போக்கில் அவர் சுகாதார ஆய்வாளர் ஆனார். 1956இல் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் பொதுச் சுகாதார ஆய்வாளர் ஆனார். 1974க்குப் பின் சுற்றுச்சூழல் சுகாதார அலுவலர் என்று அழைக்கப்படலானார். பெயர் நீண்டுகொண்டே வந்தது.

நம் ஊர்களுக்கும் இம்மரபு வந்து சேர்ந்தது. சென்னை மாகாணத்தில் 1939இல் இயற்றப்பட்ட பொதுச் சுகாதாரச் சட்டம் இந்தியாவில் அவ்வகையில் முதலாவதாகும். தொல்லை, உணவு, தங்கும் விடுதி ஆகிய மூன்றுக்கும் அச்சட்டத்தில் இடம் உண்டு. முதியோர் நினைவில் நிற்கும் ‘சானிட்டரி இன்ஸ்பெக்டர்’ அந்தத் தொல்லை ஆய்வாளரின் வழித்தோன்றலே.

போர் விட்டுச் சென்றவை

1945இல் போர் முடிந்தபோது பிரிட்டனில் ஏறத்தாழ இரண்டு லட்சம் வீடுகள் அடியோடு அழிந்திருந்தன. வாழவியலாத அளவு சிதைந்தவற்றையும் சேர்த்தால் கணக்கு நான்கரை லட்சத்தைத் தாண்டும். போர்க்காலம் முழுதும் புதுவீடு கட்டுவதும் பழைய வீட்டைச் செப்பனிடுவதும் ஏறக்குறைய நின்றுபோயிருந்தன. 1946 கோடையில், வீடற்றோர் நாற்பதாயிரம் பேர் அளவில், படைவீரர் விட்டுச்சென்ற முகாம்களுக்குள் தாமாகவே குடியேறினர். அவர்களை வெளியேற்ற இயலாத நகரவைகள் அங்குக் குடிநீரும் கழிப்பிடமும் அமைத்துக் கொடுத்தன. ஆக்கிரமிப்பு முறையா அன்றா என்ற வழக்கு ஒருபுறம் நடக்க, சுகாதார ஆய்வாளர் மறுபுறம் குழாய் பதித்துக்கொண்டிருந்தார். அவரவர் கடமை அவரவர்க்கு.

குண்டு விழாத வீடுகளின் நிலையும் சொல்லும்படியாக இல்லை. 1951ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வீட்டில் நிலையான குளியல் தொட்டி இல்லாதவை. ஒரு மாடிப்படியின் நடுவே இருக்கும் ஒற்றைக் குழாயில் மூன்று குடும்பங்கள் நீர் பிடித்தன. வெந்நீர் வேண்டுமாயின் அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். நிலக்கரி வாங்கப் பணம் வேண்டும். இத்தகைய வீட்டில் வாழும் தாயிடம், சமைக்குமுன் கையை வெந்நீரில் சோப்பிட்டுக் கழுவுக என்று துண்டறிக்கை கொடுப்பதன் பயன் என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

அந்நாளில் ஒரு நற்பேறு இருந்தது. வீட்டுவசதி சுகாதார அமைச்சகத்தின் கீழ் இருந்தது. 1945 முதல் 1951 தொடக்கம் வரை அமைச்சராக இருந்த அனைரின் பெவன், 1948 ஜூலை 5இல் தேசிய நலவாழ்வுப் பணியைத் தொடங்கிவைத்தவர். வீடு கட்டுவதும் அவர் பொறுப்பே. மூன்று படுக்கையறை கொண்ட நகரவை வீடு 900 சதுர அடிக்குக் குறையலாகாது என்று 1944இல் டட்லி குழு பரிந்துரைத்திருந்தது. பெவன் அவ்வளவைக் காத்தார். எண்ணிக்கை குறைகிறது என்று எதிர்க்கட்சியார் இடித்துரைத்தனர். அவருக்குப் பின் வந்த ஹெரால்ட் மாக்மில்லன் 1953இல் ஆண்டுக்கு மூன்று லட்சம் வீடுகள் என்ற இலக்கை எட்டிக் காட்டினார். வீட்டின் அளவு சுருங்கியது. எண்ணிக்கையை அரசியல்வாதி மேடையில் சொல்லிக்கொள்ளலாம். சுருங்கிய அடுக்களையில் ஐம்பது ஆண்டு நின்று சமைக்கப்போகிறவளுக்கு அந்த மேடை இல்லை. நாம் பெவன் பக்கமே.

இக்காலத்தின் மற்றொரு படைப்பு தற்காலிக வீடு. ஆலையில் பாகம் பாகமாகச் செய்து, மனையில் கொண்டுவந்து பொருத்தும் ஒருதள வீடு அது. 1944இல் இயற்றப்பட்ட சட்டத்தின்படி 1945 முதல் 1949 வரை 1,56,623 வீடுகள் அவ்வாறு நிறுத்தப்பட்டன. அடுக்களையின் சுவரும் குளியலறையின் சுவரும் முதுகோடு முதுகு சேர்ந்த ஒரே கட்டாக ஆலையிலிருந்து வந்தன. குழாய், வெந்நீர்க் கலம், அடுப்பு, உட்புறக் கழிப்பறை எல்லாம் அதில் அடங்கும். குளிர்பதனப் பெட்டியும் உண்டு. 1956இல்கூடப் பிரிட்டனில் பத்தில் ஒரு வீட்டில் தானும் குளிர்பதனப் பெட்டி இல்லை என்பதை இதனோடு சேர்த்து நோக்க வேண்டும். செல்வர் வீட்டில் இல்லாத ஒன்று, குண்டுவீச்சில் வீடிழந்த கூலித்தொழிலாளி வீட்டில் இருந்தது. பத்து ஆண்டுக்கென்று கட்டிய அவ்வீடுகளை விட்டு வெளியேறப் பலர் மறுத்தனர். தென்கிழக்கு லண்டனில் கேட்ஃபோர்டு என்னும் இடத்தில் 187 வீடுகள் கொண்ட ஒரு குடியிருப்பு இருபத்தோராம் நூற்றாண்டு வரை நிலைத்திருந்தது; அவற்றுள் ஆறு வீடுகள் 2009இல் பாதுகாக்கப்பட்ட கட்டடங்களாக அறிவிக்கப்பட்டன.

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார், அடுக்களைக்கு வகுத்தாரில்லை. விருந்தை வாழ்த்துவோர் பலர், அது சமைக்கப்படும் இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. தற்காலிக வீட்டை வரைந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள் போலும்.

ஆறிய சட்டி

இனி உணவுக்கு வருவோம். உணவு நஞ்சாதல் என்று ஐயுறும் நோயாளியைக் கண்ட மருத்துவர், அதை நகரவையின் சுகாதார மருத்துவ அலுவலருக்குத் தெரிவித்தல் வேண்டும் என்பது 1938ஆம் ஆண்டின் உணவு, மருந்துச் சட்டத்தால் கட்டாயமாயிற்று. தெரிவிப்பு வந்ததும் ஆய்வாளர் வீட்டுக்குச் செல்வார். கடந்த சில நாட்களில் யார் யார், எங்கெங்கே, என்னென்ன உண்டார்கள் என்று கேட்டெழுதுவார். எஞ்சிய உணவையும் நோயாளியின் மலத்தையும் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார். போர்க்காலத்தில் அவசர ஏற்பாடாகத் தோன்றிய பொதுச் சுகாதார ஆய்வுக்கூடங்கள் போருக்குப் பின் நிலையான அமைப்பாயின. அதனால் இப்பணி வலுப்பெற்றது.

போர் உணவுமுறையையும் மாற்றியிருந்தது. தொழிற்சாலை உணவகம், பள்ளி மதிய உணவு, பொது உணவகம் எனப் பெருங்கூட்டத்துக்கு ஒரே கொப்பரையில் சமைக்கும் வழக்கம் பெருகியது. அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைத்தூளோடு, அதுவரை அங்குக் காணாத சால்மொனெல்லா வகைகளும் கப்பலில் வந்து இறங்கின. பங்கீடு 1954 ஜூலை வரை நீடித்தது. வாரத்துக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்த காலத்தில், கெட்டுவிட்டதென ஐயம் ஏற்பட்ட இறைச்சியைக் குப்பையில் கொட்டுக என்று ஆணையிட்ட ஆய்வாளரை ஊர் எவ்வாறு நோக்கியிருக்கும் என்று சொல்ல வேண்டுவதில்லை.

1946இல் வேல்ஸ் கடற்கரை நகரமாகிய அபெரிஸ்ட்வித்தில் டைபாய்டு பரவியது. இருநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர், நால்வர் மாண்டனர். தேடல் ஐஸ்கிரீமில் போய் முடிந்தது. அதைத் தயாரித்தவர் தாம் நலமாக இருந்தபடியே கிருமியைச் சுமந்து, சிறுநீர் வழியே வெளியேற்றிக்கொண்டிருந்தார். பார்வைக்கு எவ்வளவு தூய பண்டம் ஐஸ்கிரீம்! குளிர் கிருமியைக் கொல்வதில்லை. உறங்க வைக்கிறது, அவ்வளவே. கலவையை முன்னரே சூடாக்கிக் கிருமியைக் கொன்றிருந்தால் இத்துயர் நேர்ந்திராது. 1947இல் வந்த விதிகள் அதையே கட்டாயமாக்கின. கலவையை 150 பாரன்ஹீட்டில் அரைமணி நேரமோ, 160 பாரன்ஹீட்டில் பத்து நிமிடமோ சூடாக்கி, ஒன்றரை மணி நேரத்துக்குள் 45 பாரன்ஹீட்டுக்குக் குளிர்விக்க வேண்டும். அதன் பின்னர் நகரவை அறிக்கைகளில் ஐஸ்கிரீம் மாதிரிகள் ஒன்று முதல் நான்கு வரை தரம் பிரிக்கப்பட்டு, தேர்வு மதிப்பெண் போல அட்டவணையில் ஏறின.

மற்றொரு கிருமியைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அது நம் விருந்துகளோடும் தொடர்புடையது. குளோஸ்ட்ரிடியம் வெல்ச்சி என்று அந்நாளில் அழைக்கப்பட்டு, இன்று குளோஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் எனப்படும் அது, இறைச்சி உணவை எவ்வாறு நஞ்சாக்குகிறது என்பதை பெட்டி ஹாப்ஸ் என்னும் பெண் அறிவியலாரும் அவர்தம் தோழர்களும் 1953இல் தெளிவாக்கினர். இக்கிருமி வெப்பத்தைத் தாங்கும் உறைவித்தாக மாறவல்லது. பெரிய பானையில் இறைச்சி கொதிக்கும்போது பிற கிருமிகள் சாகின்றன, உறைவித்து சாவதில்லை. கொதித்ததால் காற்று வெளியேறிய குழம்பின் நடுப்பகுதி, காற்றை வெறுக்கும் இக்கிருமிக்கு உகந்த இடம். பானை மெல்ல ஆறும்போது உறைவித்து விழித்தெழுகிறது. ஏற்ற சூட்டில் ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கிறது. சிறு சட்டி விரைவில் ஆறிவிடும். பெருங்கொப்பரை இரவு முழுதும் இளஞ்சூட்டிலேயே கிடக்கும். மறுநாள் அதை மேலோட்டமாகச் சூடாக்கிப் பரிமாறினால், நன்றாகச் சமைத்த உணவே வயிற்றுப்போக்கைத் தருகிறது. முந்தின நாளே தேக்சாவில் ஆணத்தைக் காய்ச்சி மூடிவைக்கும் கல்யாண வீட்டார் இதனை ஒருமுறை மனத்தில் இருத்திக்கொள்ளலாம். சமைத்தவரின் கைப்பக்குவத்தில் குறையில்லை. பானையின் பருமனில்தான் குறை. சிறு பாத்திரங்களில் பகிர்ந்து விரைவில் ஆறவைப்பதே வழி.

இத்தகைய அறிவின் விளைவாக 1955இல் உணவுத் தூய்மை விதிகள் வந்தன. உணவுக்கடைகளில் கைகழுவும் தொட்டியும் வெந்நீரும் வேண்டும். உணவைக் கையாளும்போது புகைத்தல் ஆகாது. கையில் காயமிருந்தால் நீர் புகாத கட்டு வேண்டும். குறிப்பிட்ட சில நோய் கண்ட பணியாள் அதனைத் தெரிவிக்க வேண்டும். இறைச்சி போன்றவற்றை ஏறத்தாழ 10 டிகிரி செல்சியசுக்குக் கீழேயோ 63 டிகிரிக்கு மேலேயோ வைத்திருக்க வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வெதுவெதுப்பு கிருமியின் பருவம்.

இவ்விதிகள் கடைக்கும் உணவகத்துக்கும் உரியவை. குடும்பத்தின் அடுக்களைக்குள் அவை நுழைய முடியாது; நுழையவும் கூடாது என்பதே ஆங்கிலேயர் மனப்பான்மை. அப்படியாயின் வீட்டு அடுக்களையைக் காப்பது எந்தச் சட்டம்?

சட்டத்தின் ஒரு வரி

விடை வீட்டுவசதிச் சட்டத்தில் இருந்தது. ஒரு வீடு மனிதர் வாழத் தகுதியற்றது என்று எப்போது சொல்லலாம் என்பதை 1954ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. 1957ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டம் அதனை அப்படியே ஏற்றது. செப்பம், உறுதி, ஓதமின்மை, வெளிச்சம், காற்றோட்டம், நீர்வசதி, வடிகாலும் கழிப்பிடமும் என்று செல்லும் அவ்வரிசையின் கடைசியில், உணவைச் சேமிக்கவும் பக்குவப்படுத்தவும் சமைக்கவும் கழிவுநீரை அகற்றவும் தக்க வசதி என்று ஒன்று நிற்கிறது. நம் கட்டுரையின் உயிர்நாடி இந்த ஒரு வரியே. அடுக்களை சரியில்லையாயின் அது வீட்டின் குறை, வீட்டுக்கு உரியவரின் பொறுப்பு என்று சட்டம் சொல்லிவிட்டது. சமைப்பவளின் சோம்பல் என்று தட்டிக்கழிக்க அது இடம் தரவில்லை.

1959இல் வந்த சட்டம் மேலும் ஓரடி சென்றது. குளியல் தொட்டி, கைகழுவும் தொட்டி, வெந்நீர், கழிப்பறை, உணவு வைப்பறை ஆகிய ஐந்தையும் பழைய வீட்டில் அமைத்துக்கொள்ள நகரவையிடம் மானியம் பெறுவது உரிமையாயிற்று. காற்றோட்டமுள்ள ஓர் அலமாரிக்கு அரசாங்கம் பணம் தந்தது என்பதைப் படிக்கும்போது வியப்பாகவே இருக்கிறது. குளிர்பதனப் பெட்டி பரவலான பின், 1969இல் சட்டத்தைத் திருத்தியபோது உணவு சேமிப்பு என்னும் சொல் அவ்வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. சட்டத்தின் சொல்வழக்கிலும் வழக்கொழிதல் உண்டு.

ஆயினும் தகுதியற்றது என்னும் முத்திரை இருபுறமும் கூருள்ள கத்தி. 1955இல் நகரவைகள் கொடுத்த கணக்கின்படி இங்கிலாந்திலும் வேல்சிலும் தகுதியற்ற வீடுகள் ஏறத்தாழ எட்டரை லட்சம். மருத்துவ அலுவலர் கையொப்பமிட்டால் ஒரு தெருவே இல்லாமற் போகும். புதுவீட்டுக்குச் செல்லுமுன் மக்களின் கட்டில் மெத்தைகள் மூட்டைப்பூச்சிக்காக மருந்தடிக்கப்பட்டன. அந்த வண்டி வாயிலில் வந்து நிற்பதை அவமானமாகக் கருதினோர் பலர். கிழக்கு லண்டனில் ஆராய்ந்த மைக்கேல் யங், பீட்டர் வில்மட் இருவரும் 1957இல் வெளியிட்ட நூல், தாயும் மகளும் ஒரே தெருவில் வாழ்ந்த உறவுமுறை புறநகர்க் குடியேற்றத்தால் அறுபட்டதைக் காட்டியது. குளியலறை கிடைத்தது, பேறுகாலத்தில் ஓடிவரும் தாய் தொலைவாகிப் போனாள். உயரத்துக்கேற்ப மானியம் கூடும் என்று 1956இல் சட்டம் செய்யப்பட்டபின் அடுக்குமாடிகள் எழுந்தன. 1968 மே 16 விடியற்காலை, லண்டன் ரோனன் பாயின்ட் என்னும் 22 மாடிக் கட்டடத்தில் ஒரு பெண் தேநீர் போடத் தீக்குச்சி கிழித்தார். கசிந்திருந்த எரிவாயு வெடித்து, கட்டடத்தின் ஒரு மூலை முழுதும் அடுக்கடுக்காகச் சரிந்தது. நால்வர் இறந்தனர். குற்றம் தீக்குச்சியில் இல்லை. பலகைகளை இணைத்திருந்த முறையில் இருந்தது.

குடிபெயர்ந்தோர் வீடுகள்

இக்காலத்தில் ஆலைவேலைக்காகப் பாகிஸ்தானின் மிர்ப்பூரிலிருந்தும், இன்று வங்காளதேசத்தில் உள்ள சில்ஹெட்டிலிருந்தும், நம் பஞ்சாபிலிருந்தும் ஆண்கள் பிராட்ஃபோர்டு, பர்மிங்காம் போன்ற நகரங்களுக்குச் சென்றனர். பகலில் வேலை செய்பவரும் இரவில் வேலை செய்பவரும் ஒரே கட்டிலை மாற்றி மாற்றிப் பயன்படுத்தினர். ஒரே அடுப்பில் பலர் முறைவைத்துச் சமைத்தனர்.

சட்டம் நெரிசலுக்கும் கணக்கு வைத்திருந்தது. ஓர் அறையாயின் இருவர், இரண்டு அறையாயின் மூவர், மூன்று அறைக்கு ஐவர். பத்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தை அரை ஆள். ஒரு வயது நிரம்பாத குழந்தை கணக்கிலேயே இல்லை. அளவுகோலை வைத்து அளந்தால் அவ்வீடுகள் குற்றமுடையவையே. ஆயின் அவர்கள் ஏன் அவ்வாறு வாழ்ந்தார்கள்? பர்மிங்காமில் நகரவை வீட்டுக்குக் காத்திருப்போர் பட்டியலில் இடம்பெற ஐந்தாண்டு அந்நகரில் வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. தனியார் பலர் அயல்நாட்டவர்க்கு வீடு தர மறுத்தனர். எனவே சிலர் கூடிப் பாழடைந்த பெருவீடுகளை வாங்கி அறையறையாக வாடகைக்கு விட்டனர். 1965இல் தனிச்சட்டம் பெற்ற அந்நகரவை, பலர் குடியிருக்கும் வீடுகளைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்தியது. பதிவை மறுக்கும் அதிகாரமும் அதற்கிருந்தது. ஜான் ரெக்ஸ், ராபர்ட் மூர் இருவரும் ஸ்பார்க்புரூக் பகுதியை ஆராய்ந்து 1967இல் வெளியிட்ட நூல் இச்சிக்கலை விரித்துரைக்கிறது. ஒரு வாயிலை அடைத்துவிட்டு, மற்றொரு வாயிலில் கூட்டம் சேர்கிறது என்று குறைகூறிய கதை அது. இவ்விடத்தில் சுகாதாரப் பணி தன் மரபிலிருந்து வழுவியது என்றே நாம் கருதுகிறோம். வீட்டைப் பார்க்க வேண்டிய கண் குடியிருப்போரின் நிறத்தைப் பார்க்கத் தொடங்கியது.

அபர்தீன், 1964

நகரவையின் வலிமையையும் அதன் எல்லையையும் ஒருங்கே காட்டியது ஸ்காட்லாந்தின் அபர்தீன் நகரம். 1964 மே மாதம் அங்கு டைபாய்டு பரவியது. ஐந்நூறு பேர் அளவில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். அர்ஜென்டினாவில் டின்னில் அடைத்த மாட்டிறைச்சியே மூலம் என்று தெரியவந்தது. ஆலையில் டின்னைச் சூடாக்கியபின் குளோரின் கலவாத ஆற்றுநீரில் ஆறவைத்திருந்தனர். டின் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைகிறது; மூட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வெளிநீரை உறிஞ்சிக்கொள்கிறது. அந்நீர் நகரச் சாக்கடை கலந்த நீர். கடையில் அந்த டின்னைத் திறந்து இயந்திரத்தில் சீவினர். அதே கத்தியில் பிற இறைச்சிகளையும் சீவினர். ஒரு டின்னின் கிருமி கடை முழுதும் பரவியது.

நகரின் சுகாதார மருத்துவ அலுவலர் இயன் மக்வீன் நாள்தோறும் செய்தியாளரைச் சந்தித்தார். ஊர் முழுதும் கைகழுவியது. அவர் அச்சத்தைப் பெருக்கிவிட்டார் என்று பின்னர் விசாரணைக் குழு குறைகண்டது. ஆனால் முந்தின ஆண்டே ஹார்லோ, சவுத் ஷீல்ட்ஸ், பெட்ஃபோர்டு ஆகிய ஊர்களில் இதே வகை டின்னால் டைபாய்டு தோன்றியிருந்தும், ஐயத்துக்குரிய சரக்கு சந்தையில் விற்கப்பட்டு வந்தது. அதனைத் தடுக்கும் அதிகாரம் நகரவைக்கு இல்லை, தலைநகருக்கே இருந்தது. மிகுதியாகப் பேசிய மருத்துவரைக் குறைகூறுவது, பேசாதிருந்த அலுவலகத்தைக் குறைகூறுவதைவிட எளிது.

பிரிந்த கைகள்

1974 ஏப்ரல் 1இல் உள்ளாட்சியும் நலவாழ்வுப் பணியும் சீரமைக்கப்பட்டபோது, சுகாதார மருத்துவ அலுவலர் என்னும் பதவி ஒழிந்தது. மருத்துவர்கள் நலவாழ்வுப் பணிக்குச் சென்றனர். ஆய்வாளர்கள் நகரவையிலேயே இருந்தனர். 1847 முதல் ஒன்றாக நடந்த இருவர் வெவ்வேறு கட்டடங்களுக்குப் போயினர். அதன் விளைவு பத்தாண்டில் தெரிந்தது. 1984 ஆகஸ்டில் வேக்ஃபீல்டு நகரின் ஸ்டான்லி ராய்டு மனநல மருத்துவமனையில் சால்மொனெல்லா பரவி 19 நோயாளிகள் மாண்டனர். குளிர்பதனத்திலிருந்து எடுத்த மாட்டிறைச்சி வெப்பமான நாளில் நெடுநேரம் வெளியே கிடந்திருந்தது. அரசு மருத்துவமனை என்பதால், கடைக்காரர்மீது தொடுக்கக்கூடிய வழக்கை அதன்மீது தொடுக்க முடியாது. அந்த விலக்கு 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் நீக்கப்பட்டது. 1988இல் டொனால்டு அச்சிசன் குழுவின் அறிக்கை, பொதுச் சுகாதாரப் பொறுப்பு யாரிடம் என்பதே தெளிவில்லாமற் போனதைச் சுட்டிக்காட்டியது. பொதுச் சுகாதாரம் மீண்டும் உள்ளாட்சிக்கு வந்தது 2013இல்தான்.

அடுக்களையையும் வீட்டையும் இணைத்த அந்தப் பழைய வரி அழிந்துவிடவில்லை. 2004ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்தின்படி 2006 முதல் இங்கிலாந்தில் வீடுகள் 29 வகை இடர்களுக்காக மதிப்பிடப்படுகின்றன. ஓதமும் பூஞ்சையும் அப்பட்டியலில் முதலாவது. நெரிசலும் அதில் உண்டு. உணவுப் பாதுகாப்பு பதினாறாவது. உணவுப் பாதுகாப்பு வீட்டின் இயல்புகளுள் ஒன்றாகவே இன்றும் எண்ணப்படுகிறது.

ஆயினும் பட்டியல் வேறு, நடைமுறை வேறு. 2020 டிசம்பரில் ராச்டேல் நகரில், சூடானிலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தின் இரண்டு வயது மகன் அவாப் இஷாக் மூச்சுக்குழல் நோயால் இறந்தான். சுவரெல்லாம் படர்ந்த பூஞ்சையை நெடுநாள் சுவாசித்ததே காரணம் என்று 2022 நவம்பரில் மரண விசாரணை முடிவுசெய்தது. காற்றோட்டம் போதாத வீடு அது. 2017 முதலே தந்தை முறையிட்டு வந்தார். பூஞ்சையின்மேல் வண்ணம் பூசிக்கொள்ளுமாறு கூறினர். வீட்டுக்கு உரிய நிறுவனம், அக்குடும்பத்தார் குளிக்கும் முறையும் சமைக்கும் முறையுமே ஈரத்துக்குக் காரணம் என்று எண்ணியிருந்தது. அவ்வாறு எண்ணியது தவறு என்று பின்னர் ஒப்புக்கொண்டது. 1957இல் சட்டம் அடைத்த அதே சந்து, அறுபதாண்டுக்குப் பின் வேறொருவர் கையால் திறக்கப்பட்டிருந்தது.

2023இல் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. மக்கள் வழக்கில் அது அவாப் சட்டம் எனப்படுகிறது. அதன் முதற்கட்டம் 2025 அக்டோபர் 27 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. குறிப்பிடத்தக்க ஓதமோ பூஞ்சையோ இருப்பதாகத் தெரிந்தால், சமூக வாடகை வீட்டை நடத்துவோர் 10 பணிநாட்களுக்குள் ஆய்வு செய்ய வேண்டும். ஆபத்து உறுதியானால் 5 பணிநாட்களுக்குள் வீட்டைப் பாதுகாப்பாக்க வேண்டும். உடனடி ஆபத்தாயின் 24 மணி நேரம். குடியிருப்போரின் வாழ்க்கைமுறையே காரணம் என்று முன்கூட்டியே கொண்டு ஆய்வைத் தவிர்த்தல் ஏற்கத்தக்கதன்று என்று அரசின் வழிகாட்டுக் குறிப்பு தனியே எழுதி வைத்திருக்கிறது.